பாலிஷக்கா அழித்த கோடு

பாலிஷக்காவின் வீட்டில் எந்தப் பொருளுக்கும் வயதாக முடியாது. கல்யாணமான புதிதில் வாங்கிய சோற்றுப் பானையில் இன்றைக்கும் முகம் பார்த்துத் தலை சீவலாம். குழாய், கதவுத் தாழ்ப்பாள், ஓடாத தையல் மெஷினின் சக்கரம் எல்லாம் மின்னும். "ஒரு எடத்துல அசந்து உக்காந்தா நம்மளையும் தேய்ச்சு வெச்சுடுவா" என்று அவள் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் எச்சரிப்பார்.

அவரைத் தெருவில் ஒடுக்குக்காரர் என்பார்கள். இடிபட்டு நசுங்கி வரும் கார்களின் ஒடுக்கை எடுப்பது அவர் தொழில். ஒடுக்கெடுத்த இடத்தில் பட்டிப் பசை வைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பெயிண்ட் காய்ந்த பிறகு அதைக் கண்ணாடி மாதிரி ஆக்குவது அவளுடைய தொழில். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தகரக் கதவு. பட்டறைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இடிபட்ட இடம் எது என்று வண்டிக்காரனே தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தச் சட்டத்தை அவள் கார்களோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்கிற கதையாகிவிட்டது.

அவளுக்கு ஒரே தம்பி. ஒரு காலத்தில் பந்தயக் கார் ஓட்டினான். கல்யாணம் கட்டாமல் காரைக் கட்டிக்கொண்டவன் என்று அவளே கேலி செய்வாள். அதே குழுவில்தான் அவள் வீட்டுக்காரரும் பாடி வேலை பார்த்தார். குழு பெரிய பந்தயம் ஒன்றில் ஜெயித்த வருஷம், முதலாளி ஒரு நல்ல கடிகாரக் கம்பெனியிடம் சொல்லிக் கைக்கடிகாரம் செய்ய வைத்தார். விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் செய்தார்கள். பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வெட்டியிருக்கும். முகம் காரின் மீட்டர் போலக் கறுப்பு. அதற்குள் சின்னச் சின்னதாக மூன்று வட்டம், நடுவில் ஒரு சிவப்பு முள். சுற்றி இருக்கிற எஃகு விளிம்பில் வேகத்தின் எண்கள். பட்டையில் டிரைவர்கள் மாட்டும் கையுறையில் இருப்பது போல ஓட்டைகள். பக்கத்தில் இரண்டு பட்டன்: மேலே இருப்பதை அமுக்கினால் சிவப்பு முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழே இருப்பதை அமுக்கினால் வீடு திரும்பும். அக்கா அதற்கு வைத்த பெயர் மூணு கண்ணு வாட்ச்.

மற்றவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். தம்பி கையில் கட்டிக்கொண்டு பந்தயம் ஓட்டினான். வீட்டில் அதற்கு வேறு உபயோகம் வைத்திருந்தான். அக்கா திட்ட ஆரம்பித்ததும் மேல் பட்டனை அமுக்குவான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் மறுபடி அமுக்கி, "போன வாரத்தை விடக் கம்மிதான்க்கா, உடம்புக்கு முடியலையா?" என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். திட்டியது வீணாகும்.

அதெல்லாம் விபத்துக்கு முன்னால். கார் தடுப்புச் சுவரில் மோதிச் சப்பையாகி, தகரத்தை வெட்டி அவனை வெளியே எடுத்தார்கள் என்று அவள் கேள்விப்பட்டதோடு சரி. பந்தயம் பார்க்க அவள் ஒரு நாளும் போனதில்லை, அன்றைக்கும் போகவில்லை. உயிர் தப்பியது. கால் தப்பவில்லை, உள்ளே கம்பி வைத்து நொண்டுகிற காலாகத் திரும்பி வந்தது. வாட்சின் விளிம்பில் ஒரு பக்கமாக ஆழமான கோடு ஒன்று விழுந்திருந்தது. ஒடுக்குக்காரர் குழுவை விட்டு நின்று சொந்தப் பட்டறை போட்டார். தம்பி பக்கத்தில் ஒரு டயர்க் கடையில் கல்லாவில் உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் இரண்டு ஆண்களுக்கும் நடுவில் பேச்சு வற்றிப்போனது. சண்டை இல்லை. சண்டையாக இருந்தால் அக்கா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள். தம்பி வீட்டுப் பக்க வாசலால் வருவான். உடனே பட்டறையில் தகரம் வெட்டும் கட்டர் மெஷின் நின்றுபோகும். "என்ன மாப்ள." "ஒன்னுமில்ல மாமா." அவ்வளவுதான். ஒடுக்குக்காரருக்குத் திடீரென்று வெளியில் வேலை முளைக்கும். போகும்போது அவர் பார்வை தம்பியின் கையில் இருக்கிற அந்தக் கோட்டில் பட்டு, சுட்டது போலத் திரும்பும். அதை அக்கா பலமுறை பார்த்திருக்கிறாள். தம்பி அந்தப் பட்டனை அமுக்குவதையும் விட்டுவிட்டான். அவள் திட்டினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

காலுக்குள் இருக்கும் கம்பியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று தம்பி வாட்சைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

"பத்திரமா வெச்சிருக்கா. கண்காட்சி வெக்கிற ஒருத்தர் பாக்கணும்னு கேட்டார். நான் படுத்திருக்கும்போது வந்தா காட்டு."

"கையில கட்டிக்கிட்டேதான் படேன். அறுக்கப்போறது காலத்தானே?"

"உள்ள விட மாட்டாங்கக்கா."

"சரி குடு. அழுக்கைப் பாரு, கருமம். தொடைக்கவே மாட்டியா?"

"தொடைக்காத" என்றான். அதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான். பிற்பாடு அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்த வார்த்தை அது. அப்போது காதில் விழவில்லை. ஆம்பளைகள் அழுக்கைப் பற்றிச் சொல்வது எதுவும் அவள் காதில் விழுவதில்லை.

அந்த வாரம் பூராவும் தூறிக்கொண்டே இருந்தது. ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் வெளுத்துப்போகும் என்பதால் பட்டறையில் மெருகு வேலை இல்லை. ஒடுக்குக்காரர் மட்டும் ஒரு பழைய வேனின் கதவைக் கழற்றிப் போட்டு, சுத்தியலும் தாங்குகட்டையுமாக டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். அக்கா காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் முட்டையும் என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தாள். திரும்பி வந்தால் கை சும்மா இருக்கும். அவள் கை சும்மா இருப்பது ஊருக்கே ஆபத்து.

"எப்படி இருக்கான்?" என்று மட்டும் ஒடுக்குக்காரர் கேட்பார்.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன். கால்நடையா போற தூரம்தான்."

"கதவு பாதியில நிக்குதும்மா."

"கதவு எங்கயும் ஓடிடாது. அதுக்கு நடக்கத் தெரியாது."

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயந்தரம் அவர் அலமாரியில் டம்ளர் எடுக்கப் போனதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். வாட்ச் அங்கேதான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

கட்டின புருஷனும் கூடப்பிறந்தவனும் முகம் பார்த்துப் பேச முடியாமல் பண்ணுவது இந்த ஒரு கோடுதான் என்று அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. விபத்தின் ஞாபகம் அதில் அல்லவா ஒட்டிக்கொண்டிருக்கிறது? எத்தனை வண்டிக்கு எத்தனை கோடு எடுத்திருக்கிறாள். சொந்த வீட்டுக்கு ஒன்றை எடுக்க மாட்டாளா? நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கெடுதல்களில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

மறுநாள் ஒடுக்குக்காரர் சாமான் வாங்கப் போயிருந்தபோது உட்கார்ந்தாள். கண்ணாடி மேல் டேப் ஒட்டினாள். பட்டன்களைச் சுற்றிப் பஞ்சு வைத்தாள். முதலில் மெல்லிய அரம், அப்புறம் பொடி உப்புத்தாள், அதற்கும் பொடி, கடைசியில் சின்ன மோட்டாரில் கம்பளிச் சக்கரம் மாட்டி மெருகுப் பசை தொட்டு ஓட்டினாள். கோடு ஆழமாக இருந்தது. அது மறையும்வரை சுற்றியிருக்கும் எஃகையும் இறக்க வேண்டியிருந்தது. வேகத்தின் எண்களில் இரண்டு மங்கின. பரவாயில்லை, இனிமேல் அவன் அந்த வேகத்தில் போகப்போகிறானா என்ன. ஒரு பக்கம் மட்டும் மின்னினால் நன்றாக இருக்காது என்று முழுவதையும் தேய்த்தாள். கை பட்டது போதாதென்று பின்னால் வெட்டியிருந்த எண்ணையும் துலக்கினாள். டேப்பைப் பிரித்தபோது அவளுக்கே கண் கூசியது. இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே நல்ல வேலை என்று தோன்றியது. அது உண்மையும்கூட.

கண்காட்சிக்காரர் இரண்டு நாள் கழித்துக் குடையோடு வந்தார். சன்னமான குரல், நல்ல மனுஷர். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கையுறை மாட்டி, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டார். அக்கா பெருமையாக வாட்சை அதில் வைத்தாள். அவர் பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அம்மா, இது... அவரோட வாட்ச்தானா?"

"அவனோடதுதான் சார். நான்தான் பாலிஷ் போட்டேன்."

"இங்க ஒரு கோடு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. இப்ப தேடுங்க பாப்போம்" என்றாள் அக்கா.

அவர் தேடவில்லை. மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "இந்த வாட்சு செஞ்சதே கொஞ்சம். மிச்சம் இருக்கறது எல்லாம் பொட்டியில தூங்கினதும்மா. புத்தம் புதுசா என்கிட்டயே ஒன்னு இருக்கு. பந்தயத்துல நெஜமாவே ஓடினது இது ஒன்னுதான். அதுக்காகத்தான் வந்தேன்."

"இதும் புதுசாத்தான சார் இருக்கு?"

"அதாம்மா பிரச்சனை."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் எடுத்துச் சொன்னார், கோபப்படாமல் சொன்னார். கூர் முனையெல்லாம் மழுங்கிவிட்டது, எண் மங்கிவிட்டது, இதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. "அந்தக் கோட்டைப் பத்திக் கேட்டப்போ உங்க தம்பி ஒரு வார்த்தைதான் சொன்னார். வாட்ச்ல அதுதான் என்னுதுன்னார், மத்தது கம்பெனி செஞ்சதுன்னார்." டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். வாசல் படியில் அவர் குடை சொட்டிய தண்ணீரை அக்கா துடைக்கவில்லை. அது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

திருடனைத் தேள் கொட்டினது போல அன்று பூராவும் இருந்தாள். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் வாட்சைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கோடு எங்க?" என்றார் அவர்.

"எடுத்துட்டேன். உங்களுக்காகத்தான் எடுத்தேன். நீங்க அதப் பாத்துப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிறது எனக்குத் தெரியாதா? செவத்துல மோதினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அது செவத்துல பட்டதில்ல. என் கட்டர் பட்டது."

அக்கா வாட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கதவு அவன் மேல மடங்கிக் கெடந்துச்சு. பெட்ரோல் நாத்தம். நுரைய அடிச்சுக்கிட்டே இருங்கடான்னு சொல்லிட்டுக் கட்டரைப் போட்டேன். பொறி பறக்குது. எத்தன தகரம் வெட்டிருப்பேன், அன்னைக்குக் கை நடுங்கிடுச்சும்மா. எகிறிப் போய் அவன் கையில விழுந்துச்சு. வாட்ச் மட்டும் இல்லன்னா மணிக்கட்டு போயிருக்கும். ஒடுக்கெடுக்கப் போனவன் கையையே எடுத்திருப்பேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஒன் தம்பி கைய வெட்டப் பாத்தேன்னா? அவன் அத மாத்தல, தொடைக்கல, கையிலயே கட்டிக்கிட்டு வரான். எதுக்கு? எனக்குக் காட்டத்தான்."

"அவன் ஒரு வார்த்த சொன்னானா?"

"சொல்லல. அதான்" என்றார். தட்டைத் தள்ளி வைத்து, "கோடு இருந்தாலாவது ஒரு நாள் வாயத் தொறந்து கேப்பான்னு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல" என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார்.

அக்காவுக்கு அழுகை வந்தது. அழுதாள். ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம் என்று மறுநாள் போனாள். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடிக்கும் தம்பியைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "வாட்சு இருக்குல்ல?" என்று அவன் கேட்டான். "எங்க போயிடும்?" என்றாள். ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது அவளுக்கே தன் மேல் ஆத்திரமாக வந்தது.

வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கம்போல அவன் ஊன்றுகோலோடு வீட்டுப் பக்கம் வந்தான். வழக்கம்போலப் பட்டறையில் கட்டர் நின்றது. அக்கா அவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இனித் தள்ளிப்போட வழியில்லை என்று ஆன பிறகு முந்தானையில் முடிந்துவைத்திருந்த வாட்சை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

தம்பி அதை ஜன்னல் பக்கமாகப் பிடித்துப் பார்த்தான். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினான். ஒரு சுற்றுப் போய்விட்டு விரல் இன்னொரு சுற்றுப் போனது. இடிபட்ட இடத்தை வண்டிக்காரனே தேடுகிறான் என்று அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

"கோடு எங்கக்கா?"

"நான்தான்டா அழிச்சேன். கண்காட்சி சாரும் வந்து பாத்துட்டு வேணாம்னுட்டுப் போயிட்டார். எதுனா திட்டுடா. நான் இத்தன வருஷம் திட்டினதுக்கெல்லாம் சேத்துத் திட்டு."

அவன் திட்டவில்லை. முகம் மட்டும் சின்னப் பிள்ளை முகமாகக் கோணியது. "தொடைக்காதன்னு சொன்னேனேக்கா" என்றான்.

"அவர் மொகத்தத் திருப்பிக்கிறது எனக்குப் பொறுக்கலடா. உன் மாமா கட்டர்தான் பட்டுச்சுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். அவருக்குக் காட்டத்தான் நீ அதக் கட்டிக்கிட்டு வரன்னு அவர் நெனச்சுக்கிட்டு இருக்கார்."

தம்பி அவளை வெறித்துப் பார்த்தான். "என்ன காட்ட?"

"கை நடுங்கி உன்ன வெட்டப் பாத்தத."

ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான். வாசல் பக்கம் போகவில்லை. விபத்துக்குப் பிறகு அவன் தொட்டறியாத தகரக் கதவைத் தோளால் தள்ளினான். அக்கா பின்னால் ஓடினாள்.

ஒடுக்குக்காரர் வெளியே போவதற்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள" என்றார், பழக்கத்தில்.

"உக்காருங்க மாமா" என்றான் தம்பி.

அவர் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தார். தம்பி வேனின் பம்பரில் சாய்ந்தான்.

"எடது கையக் குடுங்க."

"எதுக்குடா?"

"குடுங்க மாமா."

கறுத்துக் காய்த்த கை. கட்டைவிரலின் அடியிலிருந்து புறங்கை பூராவும் குறுக்கே ஒரு தழும்பு ஓடியது. "இது என்னன்னு அக்காட்ட சொன்னீங்க?"

"தகரம் கிழிச்சுதுன்னார்" என்றாள் அக்கா. அந்தக் கையில் தகரக் கீறல்கள் ஏராளம். அவள் ஒன்றையும் தனியாக விசாரித்ததில்லை.

"கட்டர் எகிறினப்போ இந்தக் கையால என் கையப் பொத்திட்டார்க்கா. மொதல்ல இவர் மேல ஏறிட்டு அப்பறம்தான் வாட்ச்ல எறங்குச்சு. புகையில எனக்கு வேற ஒன்னும் தெரியல, இந்தக் கை வந்து மூடினது மட்டும்தான் தெரிஞ்சுது. ரத்தத்தோடயே மிச்சத்தையும் வெட்டினார். அந்தக் கோட்டப் பாத்தாதான் மாமா நான் உசுரோட இருக்கறது எனக்கே நம்பிக்கையா இருக்கும். அதான் தொடைக்கல."

ஒடுக்குக்காரர் தரையைப் பார்த்தார். "அது தன்னால நடந்ததுடா. தெரிஞ்சா பண்ணேன்?"

"தெரிஞ்சு பண்ணிருந்தா யோசிச்சிருப்பீங்க."

ஒடுக்குக்காரர் மறுகையால் தழும்பைத் தடவினார்.

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா?" என்றார் அவர்.

"எப்ப சொல்றது? நான் வந்தாலே கட்டரை நிறுத்திட்டு ஓடிடறீங்க. நொண்டிப் பயல் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன்."

"கட்டர் சத்தம் கேட்டா ஒனக்கு அந்த நெனப்பு வருமேன்னு நிறுத்துனேன்டா."

"நல்லாப் பொத்திப் பொத்தி வெச்சீங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. அவளுக்கு மூக்கு அடைத்துவிட்டது.

தம்பி வாட்சைக் கட்டிக்கொண்டான். அந்தக் கையை அவர் கைக்குப் பக்கத்தில், அன்றைக்கு இருந்த மாதிரியே வைத்துப் பார்த்தான். தழும்பு புறங்கையில் ஓடி வந்து வாட்சுக்கு அருகில் முடிந்தது. அதற்கு மேல் போகவேண்டிய இடத்தில் பளபளப்பு மட்டும் இருந்தது. ஒடுக்குக்காரர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"இருங்க மாமா, அசையாதீங்க. அக்கா, இங்க வா."

அவள் குனிந்து பார்த்தாள். எஃகு விளிம்பில் அவர் புறங்கை தெரிந்தது. அவள் தேய்த்த தேய்ப்பில் அது கண்ணாடியாகியிருந்ததால் அந்தத் தழும்பும் அதில் விழுந்து, கோடு இருந்த இடத்திலேயே ஒரு கோடாக நின்றது. அவர் கையை எடுத்தால் போய்விடும். அவர் எடுக்கவில்லை.

"ஒன்னும் சொல்றதுக்கில்லக்கா. வேலை சுத்தம்" என்றான் தம்பி.

ஒடுக்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வேன் கதவின் ஓரத்தில் வெட்டவேண்டிய தகரம் கொஞ்சம் பாக்கி இருந்தது. கட்டரைக் கையில் எடுத்துத் தம்பியைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். மெஷின் இரைந்தது, பொறி பறந்தது. தம்பி முதலில் பம்பரை இறுகப் பிடித்தான். பிறகு பிடியைத் தளர்த்தினான்.

"போதும், ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க" என்று அக்கா அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "ஒருத்தருக்கு அறிவு இருக்கா? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவன் நின்னுக்கிட்டே இருக்கான், அந்தக் காலு யாரு அப்பன் வீட்டுக் காலு? நீங்க பாட்டுக்கு மெஷினப் போட்டுட்டீங்க. இத்தன வருஷமா வாயில கொழுக்கட்டைய அடைச்சுக்கிட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்தா நடுவுல இருக்கறவ என்ன ஆவா? ஒருத்தராவது நெனச்சீங்களா?"

அவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாள். தம்பி தலையைக் குனியவில்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கி, மேல் பட்டனை அமுக்கினான்.